நூலும் தறியும்

‘தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை’ என்பது நம் வீடுகளில் சாதாரணமாகப் புழங்கும் பழமொழி. அதை யாரும் அறிவியல் கருத்தாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் அதற்குள் ஒரு கருத்து இருக்கிறது: பிள்ளையின் குணம் தாயிடமிருந்து முழுதாக வந்துசேர்கிறது, நடுவில் வேறு எதற்கும் வேலையில்லை. நெசவாளர் யாரும் இதை ஒப்புக்கொள்ள மாட்டார். ஒரே நூலில் வேட்டியும் வரும், துண்டும் வரும், சேலையும் வரும். தறி, சாயம், பாவு, நெய்பவரின் கை என்று நூலுக்கும் சேலைக்கும் நடுவே ஒரு தெருவே உழைக்கிறது. பழமொழி அந்தத் தெருவைத் தாண்டிப் போய்விடுகிறது.

யோஹானஸ் க்ரௌஸவும் தோமாஸ் ட்ராப்பவும் எழுதி 2019இல் ஜெர்மனில் வந்த ‘நம் மரபணுக்களின் பயணம்’ என்ற நூலை இந்தக் கேள்வியோடுதான் படித்தேன்: இதில் தறிக்கு எவ்வளவு இடம்? க்ரௌஸ தொல்மரபணு ஆய்வாளர். லைப்சிக்கில் ஸ்வாந்தே பேபோவிடம் ஆய்வு செய்தவர். சைபீரியாவின் தெனிசோவா குகையில் கிடைத்த ஒரு சிறு விரலெலும்பிலிருந்து, அதுவரை அறியப்படாத ஒரு மனித இனக்குழு இருந்ததை 2010இல் கண்டறிந்த குழுவில் முதன்மையானவர். இப்போது இதே ஊரில் மாக்ஸ் பிளாங்க் பரிணாம மானுடவியல் நிறுவனத்தின் இயக்குநர்களில் ஒருவர். ட்ராப்ப பத்திரிகையாளர். அதனால்தான் நூல் ஓட்டமாகப் போகிறது. வேலைநாளின் ட்ராம் பயணங்களிலேயே படித்து முடித்துவிட்டேன்.

நூலின் மையக் கருத்தை ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். ஐரோப்பியர் என்று தனியாக ஒரு கூட்டம் ஆதியிலிருந்து இருந்ததில்லை. பழைய வேட்டைச் சமூகங்கள் மேல், ஏறக்குறைய 8,000 ஆண்டுகளுக்கு முன் அனடோலியாவிலிருந்து உழவர்கள் வந்து சேர்ந்தார்கள். ஏறக்குறைய 5,000 ஆண்டுகளுக்கு முன் கிழக்குப் புல்வெளிகளிலிருந்து மேய்ச்சல்காரர்கள் வந்தார்கள். இன்றைய ஜெர்மானியரின் மரபணுவில் இந்த மூன்றும் கலந்தே இருக்கின்றன. ‘வந்தேறிகள்’ என்று யாரையாவது சுட்டும் விரலும் வந்தேறியின் விரல்தான். அகதிகள் பற்றிய சண்டை உச்சத்தில் இருந்த ஆண்டுகளில், அதுவும் கிழக்கு ஜெர்மனியில் பயின்ற ஒருவர், இதை எழுதியது முக்கியம். புலம்பெயர்ந்த வாசகனாக எனக்கு அந்த ஆறுதல் தேவைப்பட்டது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

நூலின் சிறந்த பகுதி தோல் நிறம் பற்றியது. ஐரோப்பாவின் பழைய வேட்டைக்காரர்கள் கருந்தோலும் நீலக்கண்ணும் கொண்டவர்கள். வெயில் குறைந்த நாட்டில் அவர்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் கருப்பாகவே வாழ்ந்திருக்கிறார்கள். எப்படி முடிந்தது? தோல் தயாரிக்க வேண்டிய வைட்டமின் டி, மீனிலும் இறைச்சியிலும் கிடைத்துக்கொண்டிருந்தது. தானியத்தை நம்பிய உழவர்களுக்கு அந்த வழி அடைபட்டது. வெளிர்தோல் கொண்டவர்கள் அங்கே தழைத்தார்கள். ஆக நிறத்தைத் தீர்மானித்தது வெயில் மட்டுமல்ல, வெயிலும் சாப்பாட்டுத் தட்டும் சேர்ந்து. மரபணு தனியாக நின்று எதையும் செய்வதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைக்காது. இதை நமக்குப் பொருத்திப் பார்க்கலாம். அந்த வெளிர்நிற வடிவங்களில் முக்கியமான ஒன்று தென்னிந்தியர் பலரிடமும் இருக்கிறது. நம் வீட்டுக் கல்யாணப் பேச்சுகளில் ‘நிறம்’ என்று சொல்லி அளக்கும் வித்தியாசத்தில் அதற்கும் ஒரு பங்குண்டு.

பால் பற்றிய பகுதியும் அப்படித்தான். பெரியவரான பிறகும் பாலைச் செரிக்கும் திறன் மாடு வளர்த்தவர்களிடையே பரவிய ஒரு மாற்றம். ஐரோப்பாவில் காணப்படும் அதே மாற்றம்தான் இந்தியாவிலும் பெரும்பாலும் காணப்படுகிறது. வடமேற்கில் அதிகம், தெற்கே வரவரக் குறைவு. ஆனால் தெற்கிலும் எருமை வளர்க்கும் நீலகிரித் தோடர்களிடம் மிகுதி. இந்திய விவரங்கள் நூலுக்கு வெளியே நான் தேடிப் படித்தவை. தோடர்கள் பற்றித் தெரிந்துகொண்டபோது இன்னொன்றும் தோன்றியது. அந்த மாற்றம் இல்லாத பெரும்பான்மைத் தமிழர்கள் என்ன செய்தார்கள்? உறை ஊற்றினார்கள். பாலில் உள்ள சர்க்கரையில் ஒரு பகுதியைக் கிருமிகள் சட்டியிலேயே செரித்துவிடுகின்றன. தயிரும் மோரும் வயிற்றைத் தொந்தரவு செய்வதில்லை. ஓரிடத்தில் உடம்பு மாறியது, மற்றோரிடத்தில் சமையல் மாறியது. பிரச்சினை ஒன்றுதான்.

இங்கேதான் நூலோடு எனக்கு மனத்தாங்கல். க்ரௌஸவின் கடிகாரத்தில் ஆயிரம் ஆண்டு முள் மட்டுமே நன்றாக ஓடுகிறது. சூழல் என்பது அவர் நூலில் பெரும்பாலும் வடிகட்டி: வெயில், பனி, பஞ்சம், கொள்ளைநோய். அது சிலரை விட்டுவைக்கிறது, சிலரைக் கொண்டுபோகிறது. மிஞ்சியவர்களின் மரபணு அடுத்த தலைமுறைக்குப் போகிறது. சூழலுக்கு இன்னொரு வேலையும் உண்டு. ஒரே மரபணுவை வைத்துக்கொண்டு, ஒரே ஆயுளுக்குள், வேறு வேறு உடம்பை அது நெய்கிறது. வெயில் குறைந்த நாட்டுக்குத் தோலைப் பழக்க இயற்கைக்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆயின. இன்று ஜெர்மனியில் பிறக்கும் எந்த நிறக் குழந்தைக்கும் முதல் ஆண்டில் தினம் ஒரு வைட்டமின் டி மாத்திரை கொடுக்கிறார்கள். அதே வேலை முடிந்துவிடுகிறது. இந்தக் குறுகிய கால அளவில்தான் நாமும் நம் பிள்ளைகளும் வாழ்கிறோம். நூல் அங்கே போதிய அளவு இறங்கி வரவில்லை.

வியப்பு என்னவென்றால், அந்தக் குறுகிய காலத்துக்கு உலகறிந்த உதாரணங்களில் ஒன்று இந்த ஊரிலேயே நடந்தது. 1989இல் சுவர் விழுந்தபோது லைப்சிக்கின் காற்று ஐரோப்பாவின் மோசமான காற்றுகளில் ஒன்று. தெற்கே பழுப்பு நிலக்கரிச் சுரங்கங்கள், எஸ்பன்ஹைன், பியோலன் ஆலைகள், வீட்டுக்கு வீடு கரிக்கட்டி அடுப்பு. மேற்கே ம்யூனிக் ஒப்பீட்டளவில் சுத்தமான, பணக்கார நகரம். குழந்தைநல மருத்துவர் எரிகா ஃபொன் மூட்டியுஸும் உடன் ஆய்வாளர்களும் இரு பகுதிக் குழந்தைகளையும் ஒப்பிட்டார்கள். மொழி ஒன்று, முன்னோர் ஒன்று. நாற்பது ஆண்டு மட்டும் வேறு வேறு நாடு. புகை தின்ற லைப்சிக் குழந்தைகளுக்குத்தான் ஆஸ்துமாவும் ஒவ்வாமையும் அதிகம் இருக்கும் என்றே யாரும் எண்ணியிருப்பார்கள்.

முடிவு தலைகீழாக வந்தது. மார்ச்சளி, இருமல் லைப்சிக்கில் அதிகம், அதில் வியப்பில்லை. ஆனால் மகரந்தக் காய்ச்சல் ம்யூனிக்கில் 8.6 சதவீதம், லைப்சிக்கையும் ஹாலேயையும் சேர்த்த பகுதியில் 2.7 சதவீதம். தோல் பரிசோதனையில் ஒவ்வாமை காட்டியவர்கள் அங்கே 36.7 சதவீதம், இங்கே 18.2 சதவீதம். ஆஸ்துமாவும் ம்யூனிக்கில்தான் கூடுதல்.

அதோடு முடியவில்லை. 1995-96இல் அதே குழு லைப்சிக்கில் அதே வயதுக் குழந்தைகளை, ஒன்பது முதல் பதினொரு வயதினரை, மீண்டும் பரிசோதித்தது. நான்கே ஆண்டில் மகரந்தக் காய்ச்சல் 2.3 சதவீதத்திலிருந்து 5.1 சதவீதமாகியிருந்தது. ஒவ்வாமை காட்டியவர்கள் 19.3 சதவீதத்திலிருந்து 26.7 சதவீதம். இடைப்பட்ட காலத்தில் ஆலைகள் மூடப்பட்டன, அடுப்புகள் போயின, கடைகளும் சாப்பாடும் வீடும் மாறின. நான்கு ஆண்டில் ஒரு நகரத்தின் மரபணு மாறாது. மாறியது தறி.

தறியின் எந்தப் பகுதி மாறியது என்பதில் ஆய்வாளர்களிடையே பல விளக்கங்கள் உண்டு. கிழக்கு ஜெர்மனியில் பெரும்பாலான குழந்தைகள் கைக்குழந்தைப் பருவத்திலேயே காப்பகத்துக்குப் போனார்கள். சிறு வயதிலேயே ஒருவரிடமிருந்து ஒருவர் தொற்று வாங்கி, உடம்பின் எதிர்ப்புச் சக்தி பழகிக்கொண்டது என்பது ஒன்று. உணவு, வீட்டின் ஈரம், படுக்கைத் தூசி என்று மற்றவை. இதற்கெல்லாம் மரபணுவுக்குப் பங்கே இல்லை என்று பொருளில்லை. ஆஸ்துமா குடும்பவழி வரும் என்பது இரட்டையர் ஆய்வுகளில் திரும்பத் திரும்ப உறுதியானது. ம்யூனிக்கிலும் எல்லாக் குழந்தைக்கும் ஒவ்வாமை வரவில்லை. யாருக்கு வரும் என்பதில் மரபணுவுக்குப் பெரும்பங்கு. ஆனால் எத்தனை பேருக்கு வரும் என்பதை ஊர் தீர்மானித்தது. இரண்டு கேள்விகளும் வேறு வேறு. இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொள்ளாதவன் மரபணு பற்றிய எந்த நூலையும் தப்பாகவே படிப்பான்.

காவிரிப் பாசனத்தில் வைத்துச் சொல்கிறேன். அமெரிக்க மரபியலாளர் ரிச்சர்ட் லெவொன்டின் விதையையும் மண்ணையும் கொண்டு விளக்கியதை நம் ஊருக்குக் கொண்டுவருகிறேன். பல ரகம் கலந்த ஒரு மூட்டை விதைநெல்லை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியைத் தலைமடை வயலிலும் மறுபாதியைக் கடைமடை வயலிலும் விதைக்கிறோம். ஒவ்வொரு வயலுக்குள்ளும் எல்லாப் பயிருக்கும் ஒரே தண்ணீர், ஒரே எரு. அப்படியானால் அந்த வயலுக்குள் ஒரு பயிருக்கும் மற்றொன்றுக்கும் உள்ள உயர வேறுபாடு முழுக்க விதையால் வந்தது: மரபுப் பங்கு நூறு சதவீதம். ஆனால் கடைமடைப் பயிர் மொத்தமும் குட்டையாக நிற்பதற்குக் காரணம் முழுக்கத் தண்ணீர். இரு வயலையும் வரப்பில் நின்று பார்த்துவிட்டு, ‘மரபுப் பங்கு நூறு சதவீதம், ஆகவே கடைமடை விதை மட்டம்’ என்று ஒருவர் சொன்னால், அவர் ஒரு வயலின் கணக்கை எடுத்து இரண்டு வயல்களுக்கு நடுவே போடுகிறார்.

இந்தப் பிழை ஜெர்மனியில் லட்சக்கணக்கில் விற்றிருக்கிறது. 2010இல் டீலோ ஸாராட்ஸின் எழுதிய ‘ஜெர்மனி தன்னைத் தானே ஒழித்துக்கொள்கிறது’ பத்து லட்சம் பிரதிகளுக்கு மேல் போனது. அறிவுத்திறன் பெரும்பங்கு மரபுவழி வருவது என்ற கணக்கை எடுத்து, குடியேறிய இஸ்லாமியரின் பிள்ளைகளால் நாட்டின் அறிவு குறையும் என்கிற இடத்துக்கு அது போய்ச் சேர்ந்தது. தலைமடையில் எடுத்த அளவை வைத்துக் கடைமடையின் விதையைப் பழித்தது. அவர் மத்திய வங்கிப் பொறுப்பை விட்டார்; பத்து ஆண்டுகள் கழித்துக் கட்சியிலிருந்தும் நீக்கப்பட்டார். ஆனால் நூல் அலமாரிகளில் இருக்கிறது.

லைப்சிக்குக்கு இதில் பழைய கடனும் உண்டு. 1927 முதல் 1945 வரை இங்குள்ள பல்கலைக்கழகத்தில் இனவியல் நிறுவனத்தை நடத்தியவர் ஓட்டோ ரெஹெ. மண்டையோட்டையும் ரத்தப் பிரிவையும் அளந்து மனிதர்களை உயர்த்தியும் தாழ்த்தியும் வகைப்படுத்திய அந்தத் துறை, நாஜி ஆட்சிக்குக் கையாளாக நின்றது. க்ரௌஸவின் தலைமுறைக்கு இந்த வரலாறு தெரியும். 2019 செப்டம்பரில் ஜெர்மன் விலங்கியல் கழகத்தின் கூட்டத்தையொட்டி வெளியான ஜேனா பிரகடனத்தை எழுதியவர்களில் அவரும் ஒருவர். மனித இனங்கள் என்ற கருத்து இனவெறிக்குக் காரணம் அல்ல, அதன் விளைவு என்பதே பிரகடனத்தின் சாரம். நூலின் இறுதிப் பகுதியும் அதே திசையில்தான் போகிறது. அந்த முடிவில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் ‘எல்லோரும் கலந்தவர்கள், ஆகவே இனம் இல்லை’ என்ற வாதம் பாதி வழிதான் போகிறது. ஸாராட்ஸினுக்கு முழு பதில் கலப்பில் இல்லை, வரப்பில் இருக்கிறது. அந்தப் பாதியை நூல் இன்னும் அழுத்தமாகச் சொல்லியிருக்கலாம்.

இதுவரை ஜெர்மானியர்களைப் பற்றிப் பேசுவது சுலபமாக இருந்தது. நம்மிடம் வருவோம்.

குலத்தொழில் கற்காமலே பாதி வந்துவிடும் என்ற கருத்தில் நமக்குப் பழமொழி உண்டு. குயவர் வீட்டுக் குழந்தை தவழும்போதே திகிரி சுற்றும் வீட்டில் தவழ்கிறது, களிமண்ணில்தான் விளையாடுகிறது என்பதைப் பழமொழி கணக்கில் எடுப்பதில்லை. வீடும் மரபுவழியே வருகிறது. சொத்தும் வருகிறது, சொத்தின்மையும் வருகிறது. தலைமுறை தலைமுறையாக வருவதெல்லாம் ரத்தத்தில் வருவதில்லை. இந்த ஒரு குழப்பத்தின் மேல்தான் சாதி தன் நியாயத்தை நெடுங்காலம் கட்டி வைத்திருந்தது.

இங்குள்ள நம் விருந்துகளில் நான் அடிக்கடி கேட்கும் வாக்கியம், ‘நம்ம பிள்ளைகளுக்குக் கணக்கு ரத்தத்திலேயே இருக்கு’ என்பது. சொல்பவர் என்னைப் போல முதுகலை படிக்க வந்து, மென்பொருள் வேலையில் அமர்ந்து, 2012இல் தொடங்கிய நீல அட்டை அனுமதியிலோ அதைப் போன்ற ஒன்றிலோ தங்கியவர். அந்த அனுமதிக்கு முதல் நிபந்தனை பட்டம். அதாவது விசா அதிகாரி ஏற்கெனவே ஒரு சல்லடையால் சலித்துத்தான் நம்மை உள்ளே விட்டிருக்கிறார். சலித்து எடுத்த அரிசியைக் காட்டி, எங்கள் ஊர் நெல்லில் கல்லே கிடையாது என்கிறோம்.

எண்பதுகளில் ஈழத்திலிருந்து அகதிகளாக வந்தவர்களை எந்தப் பட்டமும் சலிக்கவில்லை. அவர்களைக் கொண்டுவந்தது போர். சமையலறைகளிலும் துப்புரவு வேலைகளிலும் இரட்டைப் பணி செய்து, வார இறுதியில் தமிழ்ப் பள்ளி நடத்தி அவர்கள் பிள்ளைகளைப் படிக்கவைத்தார்கள். அந்தப் பிள்ளைகளில் மருத்துவர்களும் பொறியாளர்களும் உண்டு. அதை ‘ரத்தம்’ என்று சொன்னால் அந்தப் பெற்றோரின் இருபது வருட இரவுப்பணிக்குக் கணக்கே இல்லாமல் போகும். ஸாராட்ஸின் துருக்கியரைப் பழிக்கும்போது நமக்குக் கோபம் வருகிறது. நம்மைப் புகழ்ந்துகொள்ளும்போது அதே கணக்கை நாம் எடுத்துப் போடுகிறோம். புகழ்ச்சியில் ஒப்புக்கொண்ட சூத்திரத்தை இகழ்ச்சியில் மறுக்க முடியாது.

புகழ்ச்சி போகட்டும், நோயில் இது உயிர்ப் பிரச்சினை. ‘நமக்குச் சர்க்கரை ஜீன்லயே இருக்கு’ என்று சொல்லிவிட்டு இரண்டாவது லட்டுக்குக் கை நீட்டுபவரை நாம் அறிவோம். சென்னையில் வளர்ந்தவர்களிடையே நீரிழிவு 1989இல் 8.3 சதவீதம், 2004இல் 14.3 சதவீதம். லைப்சிக்கின் நான்கு ஆண்டைப் போலவே, சென்னையின் பதினைந்து ஆண்டிலும் மரபணு மாறியிருக்க வழியில்லை. அதே சமயம் நம் உடம்பில் ஒன்றும் விசேஷமில்லை என்பதும் உண்மையல்ல. புனே மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக் 2004இல் தானும் ஓர் ஆங்கிலேய நண்பரும் சேர்ந்து நிற்கும் படத்தை ‘லான்செட்’ இதழில் வெளியிட்டார். இருவருக்கும் உடல் நிறைக் குறியீடு 22.3. ஆங்கிலேயரின் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக்கிடம் 21.2 சதவீதம். பார்வைக்கு ஒல்லி, உள்ளே கொழுப்பு. இதன் வேரை யாஜ்னிக் மரபணுவில் மட்டும் தேடவில்லை. தாயின் கருப்பையில், அவள் கர்ப்பகாலத்தில் சாப்பிட்டதிலும் சாப்பிடாததிலும் தேடினார். தாயைப் போல பிள்ளை என்பது இங்கே புதுப் பொருள் கொள்கிறது: தாயின் மரபணுவைப் போல மட்டுமல்ல, தாயின் பசியைப் போலவும்.

லைப்சிக்கின் ஆய்வகமே நம்மைத் தொட்ட ஓர் இடமும் உண்டு. 2020இல் ஹூகோ ஸெபெர்கும் பேபோவும், கோவிட் தீவிரமாவதோடு தொடர்புள்ள ஒரு மரபணுத் துண்டு நியாண்டர்தால்களிடமிருந்து வந்தது என்று காட்டினார்கள். தெற்காசியாவில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் அது உண்டு. ஐரோப்பாவில் சுமார் 16 சதவீதத்தினரிடம். கிழக்காசியாவில் அநேகமாக இல்லை. ‘நம் மக்கள் செத்ததற்கு மரபணுவே காரணம்’ என்று உடனே குறுஞ்செய்திகள் பறந்தன. ஆக்சிஜன் உருளைக்கு வரிசையில் நின்ற ஊர்களைப் பற்றி அந்தச் செய்தியில் ஒரு சொல் இல்லை. 2022இல் ஸெபெர்க் அதே துண்டைப் பற்றி இன்னொன்றைச் சொன்னார்: எச்ஐவி தொற்றும் ஆபத்தை அது குறைக்கிறது. ஒரே துண்டு, ஒரு கிருமிக்கு வாசல் திறக்கிறது, இன்னொரு கிருமிக்குச் சாத்துகிறது. 2019க்கு முன் யாரும் அதைக் கெட்ட மரபணு என்று சொல்லியிருக்க முடியாது. கெட்டதும் நல்லதும் துண்டில் இல்லை. எதிரே எது வந்து நிற்கிறது என்பதில் இருக்கிறது.

நம் சொற்களும் இந்தக் குழப்பத்துக்குத் துணைபோகின்றன. ‘மரபணு’ அழகான சொல்தான். ஆனால் ‘மரபு’ நமக்கு இலக்கணத்திலும் சடங்கிலும் மீறக்கூடாத ஒன்று. அதை அணுவுக்குள் வைத்ததும் விதி போன்ற கனம் வந்துவிடுகிறது. ஜெர்மன் சொல் ‘எர்ப்கூட்’, பரம்பரைச் சொத்து. சொத்தென்றால் விற்கலாம், அடகு வைக்கலாம், தரிசாகப் போடலாம், பெருக்கலாம். மரபணுவா சூழலா என்பதை அவர்கள் ‘அன்லாகெ, உம்வெல்ட்’ என்கிறார்கள். ‘அன்லாகெ’ என்ற சொல்லுக்கு முதலீடு என்றும் பொருள். முதலீடு சந்தையில்லாமல் எதுவும் ஈட்டாது. நான் சொல்லை மாற்றச் சொல்லவில்லை. இரண்டு மொழியில் வளரும் நம் பிள்ளைகள் இரண்டு சொற்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும்.

க்ரௌஸ–ட்ராப்ப நூலைப் படிக்கச் சொல்வேனா? நிச்சயமாக. குறிப்பாகப் பதினாறு, பதினேழு வயதில், ‘நீ உண்மையில் எந்த ஊர்?’ என்று வகுப்பில் கேட்கப்படும் பிள்ளைகள் படிக்க வேண்டும். கேட்பவனின் முன்னோரும் எங்கிருந்தோ நடந்து வந்தவர்கள் என்று சொல்ல அவர்களுக்கு ஆதாரம் கிடைக்கும். ஆனால் நூலை மூடியதும் அதன் வரைபடங்களிலேயே நின்றுவிட வேண்டாம். அம்புக்குறிகள் மனிதர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று காட்டுகின்றன. வந்த இடத்தில் அவர்கள் என்ன ஆனார்கள் என்பதற்கு 1990களின் லைப்சிக் குழந்தைகளின் எண்களையும், சென்னையின் எண்களையும், யாஜ்னிக்கின் படத்தையும் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். இவை மூன்றையும் பள்ளிப் பிள்ளைகளுக்குப் புரியும் தமிழில் யாராவது ஒரே நூலாக எழுதினால், அது நம் வார இறுதித் தமிழ்ப் பள்ளிகளில் பாடமாக இருக்கத் தகுதியானது.